ஆள் வந்தால் ஊரே போச்சு

கொள்ளேகால் பக்கத்து மலையூர்கள் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்த புதிது. தமிழ் பேசத் தெரிந்த அம்மை குத்துகிறவன் வேண்டும் என்று ஆபீசில் தேடினார்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில் வீடு வீடாக ஊசியோடு அலைந்துகொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மிச்சத்தையெல்லாம் பொட்டலக் காகிதத்திலும் ஜனங்களின் வாயிலும் படித்தேன். எங்கே போனாலும் நாலு சொலவடை பொறுக்கிக்கொண்டு வருவது என் வழக்கம். அந்த மலையில் பொறுக்கியதை மட்டும் இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் பாதியில் இறங்கி, காட்டுக்குள் அரை நாள் நடை. வழிகாட்ட வந்த ஆள் ஓர் ஓடையோடு நின்றுவிட்டார்.

“இதுக்கு மேல நீங்களே போயிருங்க. வழியில ஒரு நட்டுன கல்லு வருமுங்க. அங்க நின்னு சத்தம் போட்டுக் கூப்பிடோணும். அவிய வந்து தலையில தண்ணி ஊத்துன பொறவுதான் உள்ள போகோணும். மறந்துறாதீங்க.”

நான் மறக்கவில்லை. ஆனால் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால், பாதை நடுவில், யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. புதருக்குள் புகுந்து ஓடின. விழுந்து எழுந்து நான் வெளியே வந்த இடம் ஒரு ராகிக் கொல்லை. ஊரின் முதுகுப்பக்கம். களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யானையைக் கண்டிருந்தால்கூட அப்படி அலறியிருக்க மாட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வந்து தூரத்திலேயே நின்றார்கள். கைகளில் கல்.

“அங்கியே நில்லுங்க. எந்தூருங்க?”

“மைசூர். சர்க்கார் ஆளுங்க. அம்மை வராம இருக்க ஊசி குத்த வந்தேன்.”

“மைசூர்ல அம்மா எறங்கியிருக்காளா?”

என் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டில் இறங்கியிருந்தாள். அந்த வீட்டுக்குள் நான் போய்வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்கும் குத்தியிருந்தது, வாஸ்தவம். ஆனால் குத்திக்கொண்ட பிறகும் படுத்தவர்களைப் பார்த்தவன் நான். கல்லோடு நிற்பவர்களிடம் இதையெல்லாம் சொல்ல நாக்கு எழவில்லை.

“இல்லீங்க” என்றேன்.

அவர்கள் நம்பினார்களா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கூப்பிடாமல் வந்தவனுக்கு அங்கே ஒரே சட்டம்தான்: இரண்டு செவ்வாய்க்கிழமை தாண்டும்வரை கொல்லைக் காவல் பரணில் கிடக்க வேண்டும். அவனை முதலில் கண்டவர் சோறு போட வேண்டும். ஊருக்கும் கொல்லைக்கும் நடுவே அன்றைக்கே முள்ளை வெட்டி அடைத்தார்கள்.

இரவெல்லாம் கீழே கிளைகள் முறியும் சத்தம். பகலில் அந்தப் பெண் வருவாள். பாறைமேல் களியை வைத்துவிட்டு இருபது அடி பின்னால் போய் நிற்பாள். நான் இறங்கி எடுத்துக்கொள்ள வேண்டும்.

“எப்பப் போறீங்க?” என்றாள் முதல் நாள்.

எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் விருந்தாளியைக் கேட்கும் முதல் வார்த்தையே அதுதான். நாம் ‘வாங்க’ என்கிற இடத்தில் அவர்கள் அதைச் சொல்கிறார்கள்.

“யானைக்குப் பயந்து ஓடியாந்துட்டேன் அக்கா.”

“எங்க யானைங்க உங்களைவிட மருவாதி தெரிஞ்சதுங்க. சத்தம் குடுத்துட்டுத்தான் வருதுங்க” என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும் சொன்னாள்: “யானை வந்தா வேலி போச்சு, ஆள் வந்தா ஊரே போச்சு.”

முள்வேலிக்கு அந்தப் பக்கம் கூரையில்லாத சுவர்கள் வரிசையாக நின்றன. மேலே பூசணிக்கொடி. அவளுடைய தாய் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு துணி வியாபாரி வந்து இரண்டு நாள் தங்கிப் போனானாம். அதன் பிறகு அம்மையில் செத்தவர்களைப் புதைக்க ஆளில்லாமல் வீட்டோடு கொளுத்தினார்களாம். வைத்தியம் வேண்டுமென்றால் மூன்று மலை தாண்ட வேண்டும். அவர்களிடம் இருந்த மருந்து தூரம் ஒன்றுதான்.

“கீழயிருந்து உப்பும் வரும், அம்மையும் வரும். உப்பை வாங்கிக்கிட்டு ஆளை அனுப்பிப்போடோணும்” என்றாள்.

மைசூரில் காட்டுஜனம் என்றால் நாங்கள் பயப்படுவோம். அங்கே பரணில் உட்கார்ந்து, பயப்பட வேண்டிய மிருகம் நான்தான் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

ஏழாம் நாள், ஒரு புதன்கிழமை, குளிரோடு காய்ச்சல் வந்தது. அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து எண்ணினேன். பன்னிரண்டு நாள். பெரியம்மைக் காய்ச்சல் தொடங்குகிற கணக்கு அதுவே. என் தொழிலில் நான் கற்றதெல்லாம் என்னைப் பயமுறுத்தத்தான் உதவியது. மழையும் பிடித்துக்கொண்டது. பரண் ஒழுகியது. நான் பற்கள் அடித்துக்கொள்ள முனகியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது அவள் பரண்மேல் இருந்தாள். என்மேல் ஒரு கம்பளியைப் போட்டு, நெற்றியில் கை வைத்திருந்தாள்.

“தொடாதீங்க அக்கா!”

“காயுதே, பாத்துட்டுச் சும்மா போகச் சொல்றீங்களா?”

“நான் பொய் சொன்னேன். எங்க தெருப்பக்கம் அம்மை இருக்கு. அந்த வீட்டுக்குள்ள போயிட்டுத்தான் வந்தேன்.”

கை நெற்றியிலேயே இருந்தது. பிறகு மெல்ல எடுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தன் உள்ளங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொன்னதை யாரும் நம்புலீங்க” என்றாள். “ஆளோட வாய் பொய் சொல்லும், நாள் பொய் சொல்லாது. அதனாலதான் செவ்வாய்க்கெழமை எண்றது. நாந்தான் இன்னிக்கு எண்ண மறந்துட்டேன்.”

அவள் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். இறங்கி, மழையில் முள்வேலி ஓரமாக நின்று கத்தினாள்: “என்னையும் சேத்திக்கங்க! நான் அவரைத் தொட்டுட்டேன்! நானும் வெளிய!”

அவள் புருஷன் ஓடிவந்தார். பின்னாலேயே நாலைந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று, “அம்மா” என்று கையை நீட்டிக்கொண்டு.

“கிட்ட வராத கண்ணு. புடிச்சுக்கங்க அவளை, விட்றாதீங்க!”

அந்தப் பிள்ளை அழுத அழுகையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் கணக்கு அன்று புதிதாகத் தொடங்கியது. என்னையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார்கள். பரணுக்கடியில் தழையைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் சொலவடை எதுவும் சொல்லவில்லை. காலையில் ஒரு தடவை மட்டும் மேலே பார்த்துக் கேட்பாள்: “முத்து போட்டிருக்குதா?” நான் சட்டையைக் கழற்றிக் காட்டுவேன். பிறகு அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

காய்ச்சல் விட்டு, ஒருநாள் விட்டு மறுநாள் குளிரோடு திரும்பி வந்தது. மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது, இது மலேரியா. சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என் வார்த்தைக்கு அவளிடம் என்ன மதிப்பு இருக்கும்?

இரண்டாவது செவ்வாய் போய், புதன் விடிந்தது. முள்ளை இழுத்துப் போட்டார்கள். அவள் தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரத்தோடு உள்ளே போய்த் தன் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டுக் கைகளை விரித்தாள்.

பிள்ளை அசையவில்லை. அப்பாவின் தொடையைக் கட்டிக்கொண்டு, கல் பிடித்து நின்றவர்கள் என்னைப் பார்த்த அதே கண்ணோடு தாயைப் பார்த்தது. இரண்டு வாரமாக ‘கிட்டப் போகாதே’ என்று சொல்லி வைத்திருந்தார்களே.

“வா கண்ணு. ஒன்னுமில்ல, வா.”

பிள்ளை இன்னும் கொஞ்சம் பின்னால் ஒதுங்கியது.

யாருக்கும் ஊசி வேண்டாம், கிளம்புங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். நான் திரும்பி நடந்தேன். பின்னால் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளை அவளிடம் போனதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.