கொஞ்சம் எழுதும் என்றேன்

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணை எழுதத் தெரிந்தவள் என்று சொன்னேன். அதனால் இரண்டு குதிரைகள் செத்தன.

அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். எதையும் தெளிவாக விளக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன். இந்த ஒன்றை மட்டும் இதுவரை யாருக்கும் விளக்கவில்லை...

பசுமலைக்கு மேற்கே, மனை பிரித்து விற்ற இடத்தில் எங்கள் வீடு. நானும் மனைவி சாந்தாவும் மட்டும். தெருவின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு அப்பால் மலைச்சாமியின் தோட்டம். தோட்டம் என்பது பேச்சுக்குத்தான். அரை ஏக்கர் கருவேலம், ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஆழ்துளைக் கிணறு, மூன்று குதிரைகள்.

மலைச்சாமி கல்யாணங்களுக்குச் சாரட்டு வண்டியும் குதிரைகளும் வாடகைக்கு விடுபவர். ஒரு காலத்தில் நல்ல தொழில். வெள்ளைக் குதிரையின் நெற்றியில் சரிகைப் பட்டம், கால்களில் வெண்கலச் சலங்கை. மாப்பிள்ளை அழைப்பென்றால் அவருடைய குதிரைதான்.

"இப்ப எங்க சார்?" என்று ஒருநாள் வாசலில் நின்று சிரித்தார். "ஒரு மாப்ள புல்லட்டுல வாரான். ஒருத்தன் ஜேசிபியில வாரான். போன மாசம் ஒருத்தன் டிராக்டர ஓட்டிக்கிட்டு மண்டபத்துக்கு வந்து, கட்டியிருந்த வாழைமரத்தையே சாச்சுப்புட்டான்!"

"அப்ப குதிரைகள என்ன செய்யப் போறீங்க?"

"விக்கணும். ஆளு பாத்துக்கிட்டு இருக்கேன் சார். இம்புட்டுத் தீனிக்கு நான் எங்க போறது?"

கெட்ட மனிதர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றியபோது, நான் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே தம் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டுத் தந்தவர் அவர். அவருடைய மகளுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததற்கு அது நன்றி. கருப்பு ஓஸ் மதில்மேல் ஏறி எங்கள் மொட்டைமாடி டேங்குக்கு வந்தது. மோட்டாரைச் செல்போனிலேயே போடும் கருவி வைத்திருந்தார். நான் கூப்பிட்டுச் சொன்னால், எந்த ஊரில் இருந்தாலும் மோட்டாரைப் போட்டுவிடுவார். அரை மணி நேரத்தில் எங்கள் டேங்க் நிரம்பிவிடும்.

அந்த ஓஸுக்கு நேர் கீழே, மதிலின் அந்தப் பக்கத்தில், குதிரைகளின் தொட்டி இருந்தது. இரும்பு டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டிப் போட்டது. அதற்குத் தனிக் குழாய் உண்டு; ஆனால் ஓர் ஆள் உள்ளே போய்க் கையால் திறக்க வேண்டும். குதிரைக்காரர், சம்பளம் வரவில்லை என்று ஆனி மாதமே போய்விட்டார். ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம். மலைச்சாமியும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

தொட்டி காய்ந்தது. அதன் தலைக்கு மேலே என் வீட்டுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது!

டேங்க் நிரம்பியதா என்று பார்க்க நான் மாடிக்குப் போவேன். அங்கிருந்துதான் அவற்றைப் பார்த்தேன். முதலில் வெறும் கண்ணால். பிறகு, கண்மாயில் பறவை பார்க்க வாங்கி வைத்திருந்த பைனாகுலரால். வெள்ளைக் குதிரையின் விலா எலும்புகளை எண்ண முடிந்தது. கருப்புக் குதிரையின் பின்னங்கால் குளம்பு வளர்ந்து, செருப்பின் நுனிபோல் மேலே வளைந்திருந்தது. செவலையின் இடது கன்னத்தில் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. அதில் ஈக்கள்...

பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே இறங்கிக் குளித்தேன்.

அவற்றை உயிரோடு வைத்திருந்தவள் பாண்டியம்மாள். குதிரை லத்தியை அள்ளிச் செடிப் பண்ணைகளுக்கு உரமாக விற்பவள். தோட்டத்து வாயிற்கதவின் சாவி எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் ஒரு கட்டுப் புல்லோடு வருவாள். தொட்டிக் குழாயின் திருகு உடைந்துவிட்டது என்று, எங்கள் வெளிக்குழாயில்தான் தண்ணீர் பிடிப்பாள்.

"சார், இன்னும் நாலு கொடம் புடிச்சுக்கிறேன். அந்தச் செவலக் கழுத என் சேலையவே மென்னு பாக்குது! கட்டியிருக்குறது ஒன்னு, அதையும் தின்னுபுட்டா நான் எப்படி வீட்டுக்குப் போக?"

சிரித்தேன். பிடித்துக்கொள் என்றேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

அவளுக்குப் பேங்க் படிவம், ரேஷன் மனு எல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அவள் பெருவிரலை மையில் ஒற்றி வைப்பாள். கையெழுத்தாவது போடக் கற்றுத் தருகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "போங்க சார், இந்த வெரலுக்கு வெளக்குமாறு புடிக்கத்தான் தெரியும்," என்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாமியிடம் நேரில் சொல்லலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். சாந்தா முழங்கால் வலிக்காரி. "நமக்கு எதுக்குங்க வம்பு? தண்ணிய நிறுத்திட்டா நீங்களா குடம் தூக்குவீங்க?" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. மாட்டிய செருப்பை நான் அதற்காகவே காத்திருந்தவன்போல் கழற்றினேன்.

பிறகு கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

ஆம்! ஊருக்கெல்லாம் நேர்மை சொல்லிக் கொடுத்தவன், கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் எழுதினேன். பார்த்ததையெல்லாம் எழுதினேன். குளம்பு, கன்னம், கயிறு, காய்ந்த தொட்டி. பெயர் போடவில்லை. பஸ் ஏறிப் போய், எங்கள் பகுதியில் இல்லாத ஒரு தபால் பெட்டியில் போட்டேன். திரும்பும்போது ஒரு நல்ல காரியம் செய்த நிறைவுகூட இருந்தது.

பத்து நாள் கழித்து மலைச்சாமி வந்தார். உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். செல்போனை என்னிடம் நீட்டினார்.

"ஆபீசுல நமக்கு வேண்டிய ஆளு படம் புடிச்சு அனுப்பிச்சாரு சார். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுருக்கான். எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. நீங்கதான் எல்லாக் கையெழுத்தும் பாத்தவுக. வாசிங்க."

நான் வாசித்தேன். நான் எழுதியதை, நானே, வகுப்பறைக் குரலில், அவருக்கு வாசித்துக் காட்டினேன்! என் குரல் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. அதுதான் இன்றும் என்னை அச்சுறுத்துகிறது.

"கன்னத்துல கயிறு எறங்கிருச்சாம்ல? இம்புட்டுக் கிட்டக்க எவன் பாத்தான்? உள்ள போற ஆளு ஒன்னே ஒன்னு. பாண்டியம்மா. ஆனா ஒரு எடத்துல இடிக்குது சார்." முன்னால் குனிந்தார். "அதுக்கு எழுதத் தெரியுமா? நீங்கதான அதுக்குப் பாரமெல்லாம் எழுதிக் குடுக்குறது. ஒங்களுக்குத் தெரியாம இருக்காது."

மேலே டேங்கில் தண்ணீர் விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் போட்டுவிட்ட மோட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 'அவளுக்கு எழுதத் தெரியாது' என்ற உண்மை அவளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அடுத்து அவர் யாரைத் தேடுவார்? மாடியை நிமிர்ந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

"கொஞ்சம் எழுதும்," என்றேன்.

எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! ஒரே நொடியில் ஒருத்தியை எழுத்தறிந்தவளாக்கியது அன்றுதான்.

மறுநாள் காலை அவளை அவர் வெளியே தள்ளியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். குடம் தெருவில் உருண்டது. "எனக்கு என்னண்ணே தெரியும்? சத்தியமா நான் இல்லண்ணே!" என்று அவள் கத்தினாள். தெருவே நின்று பார்த்தது. வெண்கலச் சலங்கையைக் காணோம், திருடி என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்; ஸ்டேஷனில் புகாரும் கொடுத்தார். சன்னலைச் சாத்தினேன்.

அன்றே கதவுக்குப் புதிய பூட்டு. மதில்மேல் ஆளுயரத் தகரம். ஓஸ் வருவதற்கு மட்டும் அதில் ஒரு துளை. மாடியிலிருந்து பார்த்தாலும் தொட்டிப் பக்கம் தெரியாது. அங்குதான் அவற்றைக் கட்டியிருந்தார்கள். மாலையில் ஒருவன் வந்து வைக்கோல் கட்டு ஒன்றை எறிந்துவிட்டுப் போனான். பிறகு அவன் வரவில்லை.



மறுநாள் மோட்டார் ஓடியது. ஓஸில் தண்ணீர் ஏறியது. உடனே தகரத்துக்கு அப்பால் 'டங்' என்றது. மறுபடி 'டங்'. குளம்பால் வெற்றுத் தொட்டியைத் தட்டுகின்றன! தலைக்கு மேலே தண்ணீர் போகும் சலசலப்பு அவற்றுக்குக் கேட்டிருக்கிறது. மூன்றும் தட்டின. டேங்க் நிரம்பும்வரை தட்டின. மோட்டார் நின்றதும் அவையும் நின்றன.

ஒரு பிளேடு போதும். ஓஸை அறுத்து, நுனியைத் துளை வழியே உள்ளே தள்ளியிருந்தால், தண்ணீர் நேரே தொட்டியில் விழுந்திருக்கும். பிளேடோடு போய் நின்றேன். அறுத்தது நான் என்று தெரிந்துவிடுமே... திரும்பி வந்தேன். அந்தப் பிளேடால் சவரம் செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் இரண்டு ஓசைகள்தாம் கேட்டன. தகரத்தின்மேல் காகங்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன.

நான்காம் நாள் ஒன்று. மெல்ல, நெடு நேரம் விட்டு விட்டு.

ஐந்தாம் நாள் ஞாயிறு. ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். கூட்டத்தோடு சொல்வது எவ்வளவு எளிது! வீட்டுக்கு வந்தேன். மோட்டார் ஓடியது. ஓஸில் தண்ணீர் ஏறியது. காத்திருந்தேன்.

ஓசை இல்லை.

அப்போதுதான் போனை எடுத்தேன். ஜெயந்தி என் பழைய மாணவி, கால்நடை மருத்துவர். அவளுடைய எண் தொடக்கம் முதலே என் போனில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் விலங்குகளை மீட்கும் இளைஞர்களோடு வந்தாள். போலீசையும் வரவழைத்தாள். தகரத்தைப் பெயர்த்தார்கள்.

வெள்ளைக் குதிரை தொட்டிக்குள் தலையை வைத்தபடி செத்துக் கிடந்தது. கருப்பு அதற்கு முன்பே போயிருந்தது. செவலைக்கு மட்டும் மூச்சு இருந்தது. ஜெயந்தி அதன் கழுத்தருகே மண்டியிட்டு ஊசி ஏற்றினாள்.

"எத்தன நாளா சார் இப்படி?"

"இன்னைக்குத்தாம்மா தெரிஞ்சது."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். மலைச்சாமி வந்து, "தெனமும் ஆளு போறான்னுதான் சார் நெனச்சேன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் வழக்கு. ஓஸை அவர் பிடுங்கவில்லை. சாட்சி சொன்ன பிறகு, நானே கழற்றிப் போட்டேன். இப்போது லாரித் தண்ணீர்.

தெருக்காரர்கள் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உயிரைக் காத்த பெரியவர் என்று ஒருவர் பேசினார். பாண்டியம்மாள் கடைசியில் நின்று கைதட்டினாள். செவலை இப்போது அழகர்கோவில் சாலையில் ஒரு காப்பகத்தில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். "நீங்க இல்லைன்னா அதும் போயிருக்கும் சார்," என்றாள்.

திருட்டுப் புகார் மட்டும் அவள்மேல் நின்றது. செடிப் பண்ணைக்காரர்கள் அவளைச் சேர்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து என்னிடமே வந்தாள். ஸ்டேஷனுக்கு மனு எழுத வேண்டும்.

"சலங்கைய நான் எடுக்கலன்னு போடுங்க. அந்தக் கடுதாசியும் நான் எழுதலன்னு போடுங்க. எனக்கு எழுதவே தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? எந்தப் பாவி சொன்னானோ சார், எனக்கு எழுத்துத் தெரியும்னு!"

எழுதினேன். 'எனக்கு எழுதத் தெரியும் என்று யாரோ பொய்யாகக் கூறியுள்ளார்கள்.' வாசித்துக் காட்டினேன்.

"யாரோன்னா போட்டிருக்கீக? அதுவும் சரிதான். ஆளு தெரிஞ்சாத்தான பேரு போட முடியும்."

பெருவிரலை ஒற்றினாள். அது அவளுடைய ரேகைதான் என்று சாட்சிக் கையெழுத்து வேண்டும். போட்டேன். முழுப் பெயர், பட்டம், வலது கையால்.

"ஒங்க கையெழுத்து இருக்குல்ல, நம்புவாக," என்றாள்.

நம்பினார்கள். புகாரைத் தள்ளிவிட்டார்கள். இப்போது தெருவில் எங்கு கண்டாலும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

துணிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை... உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் எழுத்தில். பாண்டியம்மாளால் இதைப் படிக்க முடியாது. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.