கொண்டுவந்த மாதிரிக்கு மட்டும்

தண்ணீர்ப் பரிசோதனை என்பது, வந்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒன்றுக்கு எண்கள் போட்டுக் கொடுக்கும் தொழில். அருப்புக்கோட்டையில் ஒரு மாடி அறையில் பதினோரு வருஷமாக அதைச் செய்கிறேன். ஸ்கேன் எடுப்பவர்கள், நிலம் அளப்பவர்கள், விடைத்தாள் திருத்துபவர்கள், உங்களுக்கெல்லாம் இது விளங்கும். என் ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி உண்டு: 'கொண்டுவந்து கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும்.' அதை எழுதியவன் நான்தான்.

வெந்நீர்

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு விவசாயி வந்தார். சொட்டுநீர் மானியத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட் வேண்டும். பாட்டில் சுட்டது. கொதிக்கவைத்து, வேட்டியில் இரண்டு முறை வடிகட்டி, வாசத்துக்குத் துளசி இலையும் போட்டிருந்தார். கிணற்றில் இருக்கிறபடியே வேண்டும் என்றேன். விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வாராகன்னா மூஞ்சி கழுவாமயா தம்பி கொண்டாந்து நிறுத்துவோம்?"

வாங்குறப்ப, விக்கிறப்ப

நிலத் தரகர் ஒருவர் போன வருஷம் ஒரு தோட்டத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். உப்பு மிக அதிகம் என்றதும் முகம் மலர்ந்து காப்பி வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷமும் அதே தோட்டம், அதே உப்பு. காப்பி இல்லை. பழைய தாளை எடுத்துக் காட்டினேன்.

"அப்ப நான் வாங்குறவன், இப்ப விக்கிறவன். இதுகூடத் தெரியாத மிஷின எதுக்கு சார் வச்சிருக்கீக?"

எஸ்தர் கொண்டுவந்த பாட்டில்

திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றில் எஸ்தர் சத்துணவு அமைப்பாளர். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்து வந்திருந்தார். என் தொழிலில் அப்படி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள். அவர் மகள் ஐந்தாம் வகுப்பு. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாளாம். ஊருக்கு ஒரே போர்வெல். பள்ளியில் சோறு பொங்குவதும் அதில்தான்.

பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு அளவுக்கு மேல், நன்றாகவே மேல் இருந்தது. தாளைக் கொடுத்தேன். மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார்.

"இதுல எந்த எடத்துல சார், பிள்ளைகளுக்குக் குடுக்காதீகன்னு போட்டிருக்கு?"

எண்களைக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று விளக்கினேன்.

தலைவர் கொண்டுவந்த பாட்டில்

மறுவாரம் அந்த ஊர்த் தலைவரே வந்தார். முந்தின முறை ஜெயித்தபோது அவர் போட்ட போர்வெல்தான் அது. பக்கத்தில் அவர் பெயர் வெட்டிய கல் நிற்கிறது. அதே போர்த் தண்ணீர் என்று ஒரு பாட்டிலை வைத்தார். அதில் ஃபுளோரைடும் இல்லை, உப்பும் இல்லை. எங்கள் மண்ணில் அப்படிப்பட்ட தண்ணீர் வானத்திலிருந்து விழ வேண்டும், இல்லையென்றால் கேனில் வர வேண்டும். எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. அடிவரியை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

"ரெண்டு தாளுலயும் உங்க கையெழுத்துதான தம்பி. நல்லதா உள்ளத ஒட்டிக்கிறோம்."

கை தூக்கல்

ஊர்க்கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இரண்டு தாளில் எது நிஜம் என்று ஒரு பெரியவர் கேட்டார். இரண்டும் சரியான முடிவுகள்தான் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எஸ்தர் எழுந்து, முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம், "பல்லக் காட்டுங்கடா" என்றார். காட்டினார்கள். அவர் மகள் மட்டும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. "எல்லாம் முட்டாய் தின்ன பல்லு" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. நல்ல ரிப்போர்ட்டை ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். தூக்கினார்கள். எண்ணி முடித்து என் பக்கம் திரும்பினார்.

"பெரும்பான்மை சொல்லிருச்சு தம்பி. இனி நம்ம ஊருல ஃபுளோரைடு கெடையாது."

பேனா

கூட்டம் கலைந்தபின் எஸ்தர் ஒன்றும் திட்டவில்லை. "நாளைக்கு உலை வைக்கணும் சார். எந்தத் தண்ணியில வைக்க?" என்றார். பஸ்ஸை விட்டுவிட்டுப் போர்வெல்லுக்குப் போனேன். நானே பாட்டிலில் பிடித்தேன். மறுநாள் காலை வந்த முடிவு எஸ்தருடையதேதான். அடிவரியைப் பேனாவால் அடித்துவிட்டு, 'இந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருஷத்தில் என் ஆய்வுக்கூடத்திலிருந்து போன முதல் முழு வாக்கியம். எஸ்தர் அதைச் சமையல்கூடக் கதவில் ஒட்டினார். அன்று உலை ஏறவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் கதவருகே நின்று படித்தார்கள். முந்தின நாள் கை தூக்கியவர்களும் அவர்களில் உண்டு.

சாயங்காலம் தலைவர் போன் செய்தார்.

"நம்ம வீட்டுக்கு வார கேனுலயே பள்ளிக்கூடத்துக்கும் சேத்து எறக்கச் சொல்லிட்டேன் தம்பி. ஆனா போருல குத்தமில்லன்னு ஒரு தாளு குடுத்துருங்க, கல்லுல பேரு இருக்குல்ல."

தாள் கொடுக்கவில்லை, ஆனால் அந்த அடிவரியை இன்னும் அச்சடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், என் பக்கம் தப்பில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்கும் கிடைக்கவில்லை.