ஒரு சத்தே குச்சியின் கனம்

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கோவிந்தராசு கத்தியை நம் தொண்டையில் வைத்துக்கொண்டுதான் ஊர்ச் செய்தி சொல்வார். அப்போதுதான் யாரும் குறுக்கே பேச முடியாது.

"மெக்கானிக் பிரகாசம் போய்ட்டாராம் சார். இன்னிக்குக் காலையில. நெஞ்சு வலின்னு சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள."

எந்தப் பிரகாசம் என்று கண்ணால் கேட்டேன்.

"அவர்தான் சார், 'வெள்ளத்துல தப்பிச்ச காரும் இவர் கையில குடுத்தா கரையில மூழ்கும்'னு சொல்வாங்களே, அந்தப் பிரகாசம் லா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எவன் சொன்னானோ, நல்லாத்தான் சொல்லியிருக்கான்."

எவன் சொன்னானோ அவன் தொண்டையில்தான் அப்போது கத்தி இருந்தது. கோவிந்தராசுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் அழுத்தியிருப்பார் என்று நம்புகிறேன். நல்ல மனிதர்.

ஞானப்பிரகாசத்தை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம் சங்க உறுப்பினர் யார் இறந்தாலும் முப்பதாம் நாள் கூட்டத்துக்கு ஒரு சிறு மலர் போடுவது வழக்கம். அதில் தலைவர் படம் இல்லாத பக்கங்களை நிரப்புவது என் வேலை. இந்த மலரின் இரண்டாம் பக்கத்தில் தலைவரின் இரங்கல் செய்தி இருக்கிறது. "திறமை இருந்தும் ராசி இல்லாதவர் நண்பர் ஞானப்பிரகாசம்" என்கிறார். செய்தி ஆறு வரி. படம் முக்கால் பக்கம். படம் தலைவருடையது. அவர் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லித் தாக்குவது பண்பல்ல. இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

பதினைந்து ஆண்டுகள் இருக்கும். மார்கழி மழை. சங்க ஆண்டு விழாவுக்காகத் தலைவர் புக்கிட் தீமா பக்கமிருந்து தமது காரில் வந்துகொண்டிருந்தார். புத்தம் புதிய டீசல் கார். டாக்ஸி ஓட்டாத தமிழர்களில் டீசல் கார் வைத்திருப்பவர் தாம் ஒருவர்தான் என்று சொல்லிக்கொள்வார். பின்னால் நான், என் மடியில் ஒரு ரோஜா மாலை. உள் விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் தலைவருக்கு விழும் மாலைகளைத் தலைவரே வாங்கி வருவார். போடுகிறவர் மட்டும்தான் வேறு ஆள். மாலையைச் சுமப்பது, அதை அவர் கழுத்தில் போட்டுக் கண்கலங்குவது, பிறகு அரை மணி நேரம் சபையைச் சிரிக்க வைப்பது என்று அன்று எனக்கு மூன்று பொறுப்புகள்.

ரோச்சோர் கால்வாய் நிரம்பிச் சாலைக்கு வந்திருந்தது. பெட்ரோல் கார்கள் ஆங்காங்கே செத்து நின்றன. தலைவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தம்.

"பாத்தியா? பிளக் நனைஞ்சு போச்சு அவங்களுக்கு. டீசலுக்குப் பிளக்கே கிடையாதுய்யா. நனையறதுக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க தலைவரே" என்றேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது காரின் முன்பக்கம் இருக்கும் என்பதுதான்.

பிரகாசத்தின் பட்டறை அந்தச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. சந்து முனையில் முழங்கால் தண்ணீரில் நின்று இரு கைகளையும் தூக்கி எங்களை மறித்தார். "அண்ணே, போகாதீங்க. தண்ணி பம்பருக்கு மேல ஏறுது. காத்து இழுக்கற வழியா உள்ள போயிடும்." தலைவர் அவரைத் தம்மை வரவேற்க வந்தவராக எண்ணிக் கையசைத்துவிட்டுப் போனார். ஒரு கடை தாண்டியிருப்போம். எஞ்சின் விக்கியது. நின்றது.

பிரகாசம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து சன்னலில் குனிந்தார்.

"சாவிய எடுத்துடுங்கண்ணே. இனி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எஞ்சின் தண்ணி குடிச்சிருக்கு. காத்தை அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. எதையாச்சும் ஒண்ண வளைச்சுட்டுத்தான் வெளிய போகும். கடைக்குத் தள்ளிட்டுப் போவோம். டீசல் பீச்சற நாசிலையெல்லாம் கழட்டி, கையால சுத்தி, தண்ணிய வெளியேத்திடுறேன். ரெண்டு மணி நேரத்துல ஓடும்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மடியிலிருந்த மாலையைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரமா? நான் இல்லாமலே ஆரம்பிச்சுடுவாங்கய்யா" என்றார். அந்தக் குரலில் இருந்தது உண்மையான பயம்.

அந்த நேரம் பார்த்து ஒரு மூட்டை லாரி வந்தது. தலைவர் அதை நிறுத்திக் கயிறு கேட்டார். லாரி இழுக்க, இவர் கியரைப் போட்டுக் கிளட்சை விட, எஞ்சின் வேறு வழியில்லாமல் ஓடியே தீர வேண்டும் என்பது திட்டம். பிரகாசம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. உள்ள தண்ணி நிக்குது."

"நீ எனக்குச் சொல்லித் தராதே. கைய எடு." பிறகு என்னிடம், "நீ எறங்கிக் கட்டுய்யா."

இறங்கினேன். கைகள் காலியாக இருக்க வேண்டுமே என்று ரோஜா மாலையை என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை மாதிரி தொடையளவுத் தண்ணீரில் குனிந்து, பிரகாசத்தின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, முன் பம்பருக்கு அடியில் கட்டினேன். அருமையான முடிச்சு. அவிழவே இல்லை. லாரி இழுத்தது. தலைவர் கிளட்சை விட்டார். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, பழகிய கை தேங்காய் உடைத்தால் வருமே, அவ்வளவுதான்.

பிரகாசம் கண்ணை மூடித் திறந்தார். "ஆச்சு" என்றார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனோம். கீழே தட்டில் வடிந்திருந்த எண்ணெய், தண்ணீர் கலந்து, கோப்பிக் கடைப் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. நாசில்களைக் கழற்றிவிட்டுப் பிரகாசம் எஞ்சினைக் கையால் சுற்றினார். ரோச்சோர் கால்வாய் நான்கு துளை வழியாகவும் பீய்ச்சியடித்துத் தலைவரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அன்று நடந்ததில் நியாயமான காரியம் அது ஒன்றுதான். பிறகு மேல்மூடியைக் கழற்றினார். நான்கு பிஸ்டன்கள் தெரிந்தன. ஓர் எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு பிஸ்டனாக உச்சிக்குக் கொண்டுவந்தார். மூன்று வந்து அளவுகோலைத் தொட்டன. ஒன்று மட்டும் எட்டாமல் நின்றது. அந்த இடைவெளியில் கழுவி வைத்திருந்த ஒரு சத்தே குச்சியை, கறித்துண்டுகளைக் குத்தி வாட்டும் மூங்கில் குச்சியை, நுழைத்தார். கச்சிதமாக நுழைந்தது.

"இந்தக் குச்சிக் கனம் குட்டை" என்றார். "அடியில பிஸ்டனைத் தாங்குற ராடு வளைஞ்சிருக்கு." கழற்றிக் கையில் கொடுத்தார். முழங்கை நீளம்கூட இல்லாத இரும்புத் தண்டு. உற்றுப் பார்த்தால்தான் வளைவு தெரியும். "தண்ணியோட இழுத்ததுல வளைஞ்சது. சுத்தியல் பட்டிருந்தா காயம் இருக்கும். தடவிப் பாருங்க, ஒரு கீறல் இல்ல."

தலைவர் தடவிப் பார்க்கவில்லை. "நேத்து வரைக்கும் நல்லா இருந்த எஞ்சின். நீ கழட்டும்போது வளைச்சுட்டே" என்றார், மிக அமைதியாக.

பிரகாசம் என் பக்கம் திரும்பினார். "சார் கூடவே இருந்தாரே. சார், நீங்க சொல்லுங்க."

"எனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். அது முழு உண்மை. நான் சொன்ன பொய்களிலேயே மிகவும் கெட்டது அந்த உண்மைதான்.

அவர் வேறு ராடு போட்டார். எண்ணெயை இரண்டு முறை ஊற்றிக் கழுவி வடித்து, மூன்றாம் முறை புது எண்ணெய் ஊற்றினார். டீசல் தொட்டியில் புகுந்த தண்ணீரை இறக்கினார். அந்தக் கார் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஓடியது. இதைத் தலைவரின் இரங்கல் செய்தியில் நீங்கள் காண மாட்டீர்கள்.

அடுத்து வந்த பொங்கல் விழாவில் நான் மேடையேறும் முன் தலைவர் காதோடு சொன்னார்: "அந்த மெக்கானிக் கதைய எடுத்து விடுய்யா." எடுத்து விட்டேன். கரையில் மூழ்கும் கார் அன்றுதான் பிறந்தது. மண்டபம் இரண்டு நிமிடம் சிரித்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. நடுவில் ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. மனைவி லூர்தம்மாளோடு புதுச் சட்டையில் வந்திருந்தார் பிரகாசம். அவரும் வந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

நல்ல நகைச்சுவைக்கு ஆயுள் அதிகம். சிராங்கூன் சாலையில் ஒரு வாரத்தில் அதைச் சொல்லாத கோப்பிக் கடை இல்லை. டாக்ஸிக்காரர்கள் முதலில் அவரைக் கேலி செய்தார்கள், பிறகு பட்டறைக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர்களுக்கு அவர்மீது கோபமொன்றுமில்லை. சிரித்த பிறகு அவர் கையில் வண்டியைக் கொடுக்க வெட்கம், அவ்வளவுதான். ஆண்டு முடிவதற்குள் பட்டறையை மூடிவிட்டுத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் லாரிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டராகப் போய்ச் சேர்ந்தார்.

பழிவாங்கத் தெரியாத மனிதர் என்று இறந்தவர்களைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். பிரகாசத்துக்கு நன்றாகத் தெரியும். சந்தாவை விடாமல் கட்டினார். நான் பேசும் ஒவ்வொரு விழாவுக்கும் வந்தார். முதல் வரிசை, இடது ஓர நாற்காலி. கை கட்டி உட்கார்ந்து, கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் இருந்தார். பதினான்கு ஆண்டுகள். நகைச்சுவைப் பேச்சாளனை அடிக்கலாம், உதைக்கலாம், கோழி முட்டை எறியலாம், எல்லாம் தாங்குவான். முதல் வரிசையில் ஒருவர் சிரிக்காமல் இருப்பதைத் தாங்கமாட்டான். நான் இடது பக்கம் பார்க்காமல் பேசப் பழகினேன். கழுத்து வலிக்கு மருத்துவரிடம் போனேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தஞ்சோங் பகாருக்கே போனேன். லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"பிரகாசம், நான் செஞ்சது தப்பு. யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"யார்கிட்டயும் வந்து சொல்ல வேணாம் சார். மைக்ல சொல்லுங்க. அன்னிக்கு மைக்லதானே சொன்னீங்க."

"தலைவர் மேடையில உக்காந்திருப்பாரே."

"அவரு எப்பவும் உக்காந்துதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார். அடுத்த விழாவில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அடுத்த விழா ஒன்று இருந்தது.

தலைவர் பங்குக்கும் ஒன்று வைத்திருந்தார் பிரகாசம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பெருமழை. தலைவரின் இரண்டாவது டீசல் கார் துறைமுக வாசலில் தண்ணீர் குடித்து நின்றது. ஃபிட்டர் யாராவது வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். வந்தவர் பிரகாசம். குடையைப் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு சன்னலில் குனிந்தார். "கயிறு வேணுமாண்ணே?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். பிறகு பிரகாசம் முறைப்படி நாசில்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் மாற்றி, எஞ்சினை ஓடவிட்டார். போகும்போது கயிற்றை அழகாகச் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்தார். "இருக்கட்டும்ணே, அடுத்த தடவைக்கு."

இதை எனக்குச் சொன்னவர் லூர்தம்மாள், அடக்கம் முடிந்த மாலை. அழுதுகொண்டிருந்தவர் அந்த இடத்தில் மட்டும் சிரித்துவிட்டார். பிறகு உள்ளே போய்ச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார்.

"சிரிப்பு சார் மைக்ல உண்மையச் சொல்ற அன்னிக்குக் குடுன்னு சொல்லி வச்சிருந்தாரு. நீங்க எப்பச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியல. அதான் இப்பவே குடுத்துடறேன்."

"சொல்லிடறேன் அக்கா."

"அவரு வேலை தெரியாதவரு, ராசி இல்லாதவருன்னு இனி யாரையும் சொல்ல விடாதீங்க சார். அது போதும்."

பொட்டலத்தில் அந்த ராடு இருந்தது. துருவேறாமல் எண்ணெய் பூசி வைத்திருந்தார். நடுவில் நூலால் ஒரு சத்தே குச்சி கட்டப்பட்டிருந்தது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை இவை இரண்டும்தான். முப்பதாம் நாளுக்குப் பிறகு இவை என் எழுதும் மேசையில் இருக்கும்.

லூர்தம்மாள் கேட்ட பிறகுதான் தலைவரின் செய்தி அச்சுக்கு வந்தது. அந்த 'ராசி இல்லாதவர்' என்பதை நான் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அது அவர் கையெழுத்தோடு அப்படியே நிற்க வேண்டும் என்பது என் ஆசை. மலரை அச்சுக்கு அனுப்பும் முன் முழுவதையும் அவரிடம் காட்டினேன். வழக்கம்போல இரண்டாம் பக்கத்தை மட்டும் பார்த்தார். "படம் தெளிவா விழுமா?" என்றார். "எல்லாம் தெளிவா விழும் தலைவரே" என்றேன்.

முப்பதாம் நாள் கூட்டத்தில் இதை நான் வாசிக்கப்போகிறேன். மாலையை இந்த முறை நான் வாங்கி வருகிறேன். அது பிரகாசத்தின் படத்துக்கு, போட வேண்டியவர் தலைவர். முதல் வரிசையில் இடது ஓர நாற்காலியில் ராடு இருக்கும். அதற்கு அடுத்த நாற்காலியில் தலைவரின் பெயரை எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் டாக்ஸிக்காரர்கள் வரிசையாக வந்து ராடைத் தடவிப் பார்க்கலாம். கீறல் இல்லை.

மைக்கில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கயிற்றைக் கட்டியவன் நான். இழுக்கச் சொன்னவர் ராடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஞானப்பிரகாசம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.