அழுத்துமரத்தில் தாமரை

பழவேற்காட்டில் துணிக்குச் சித்திரம் எழுதி வந்த நாளில் எனக்கிருந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. கப்பலேறிப் போகும் துணியிலெல்லாம் என் தாமரை இருந்ததால், ஒல்லாந்தர் கோட்டையே என்னை நம்பித்தான் நிற்கிறது என்று நினைத்திருந்தேன்.

கோட்டைத் துரைக்கு ஒரு அழுத்துமரம் வேண்டியிருந்தது, துணிச் சிப்பங்களை நசுக்கிக் கட்டுவதற்கு. நீளமான தேக்கு உத்தரம்; தலை சுவரில் செருகியிருக்கும், சுவரை ஒட்டி அடியில் சிப்பம், வால் முனையில் நான்கு பேர் தொங்கி இழுக்க வேண்டும். ஒல்லாந்தரின் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து பெரிய துரை வருகிறார், லட்சணமாக இருக்கட்டும் என்று படம் போடும் வேலையை என்னிடம் விட்டார்கள். தச்சனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சித்திரக்காரன் போய்த் தச்சனைக் கேட்பதா? சிப்பத்துக்கு நேர் மேலே, எல்லார் கண்ணும் படும் இடத்தில், உளி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்படி ஒரு தாமரை போட்டேன். தச்சன் முனகிக்கொண்டே செதுக்கினான்.

மரம் இழுக்கப் பசியாவரத்திலிருந்து வந்த மீனவர்களில் ஒருவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இன்னா ஐயா, பாரம் குந்துற எடத்துலயே ஓட்டை போட்டு வெச்சிக்கீறீங்க? துடுப்பு எங்க முறியும்? தோணில கட்டுற எடத்துலதான். அங்க எவனாவது பூ செதுக்குவானா? பூ வேணும்னா வாலாண்ட போட்டுக்குங்க."

"மீன் நாத்தத்துல உனுக்குத் தாமரை எங்கடா தெரியப் போவுது?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இனித்தது.

பெரிய துரை வந்த அன்று, மரத்தைத் தொட மாட்டேன் என்று அவன் ஒதுங்கி நின்றான். "தொங்கலைன்னா நாளையிலேர்ந்து உனுக்கு இங்க வேலை கெடையாது" என்றான் துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே, தொங்கினான். முதல் இழுப்பிலேயே தாமரைக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது, நேராக என்னைப் பார்த்தான். நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பெரிய துரை அப்போது தாமரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் வாயில் கொழுக்கட்டை.

அடுத்த இழுப்பில் உத்தரம் தாமரையோடு இரண்டாக ஒடிந்தது. மூன்று பேர் துள்ளி விலகினார்கள். அவன் முழங்கால்மேல் மரம் விழுந்தது.

விசாரணை நடந்தது. உளுத்த மரம் என்று முடிவானது. மரத்துக்கு வாயில்லை, எல்லோருக்கும் வசதி. புது உத்தரத்தில் சிப்பத்துக்கு மேலே உள்ள இடத்தை மொட்டையாக விட்டு, தாமரையை வால் நுனியில் வைத்தேன். அது இன்றுவரை ஒடியவில்லை. என்ன யோசனை என்று துரை என் முதுகில் தட்டி, சித்திரம் படிக்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடு என்றார். வெட்கங்கெட்டவன், ஒப்புக்கொண்டேன்.

பாரம் எங்கே விழுகிறது என்று பார், பிறகு பூப்போடு. இப்போதும் அதுதான் என் முதல் பாடம். இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். சொந்த யோசனை என்பேன். கோட்டை வாசலில் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து மீன் விற்கிறவன் காதில் விழாதபடி, கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்வேன்.