ஸ்ட்ராபெரி வாங்கப் போன விமானி

ஒஸ்லோவின் குரோருட் பகுதியில், எங்கள் கீழ்வீட்டில் இருந்த நோர்வேக்கார அம்மாவுக்கு எண்பது வயது நிறைந்தபோது, வாழ்த்துரை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. விழவில்லை, நானே கேட்டு வாங்கினேன். ஒலிவாங்கியைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். நான் மட்டும் விலக்கா?

"சுருக்கமாய்க் கதையுங்கோ. இது எங்கடை தமிழ்ச்சங்க ஆண்டுவிழா இல்லை," என்றாள் மனைவி.

அந்த அம்மாவை எனக்கு நிரம்பப் பிடிக்கும். ஒஸ்லோவில் என் முதல் குளிர்காலத்தில், நான் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானே கடைக்குக் கூட்டிப்போனவர். அவர் வீட்டுச் சுவரில் ஒரு புகைப்படம் இருந்தது. விமானப்படைச் சீருடையில் அவருடைய அண்ணன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்து பறந்து, பல ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவராம். எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. இளம் வயது, சீருடை, சுவரில் படம். போருக்குள் வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு அதற்குமேல் என்ன கேள்வி?

விருந்து குடியிருப்பின் பொது மண்டபத்தில் நடந்தது. கிரீமும் ஸ்ட்ராபெரியும் அடுக்கிய பெரிய கேக். நான் எழுந்து, நோர்வே மொழியில்தான், ஆனால் எங்கள் மேடைக் குரலில் முழங்கினேன்.

"தாய்நாட்டுக்காக வானத்தில் உயிர்கொடுத்த வீரனின் தங்கை இவர்..."

"இல்லை," என்றார் அந்த அம்மா. கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போர் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தக் கோடையில் சைக்கிளில் ஸ்ட்ராபெரி வாங்கப் போனான். வளைவில் சறுக்கி விழுந்து, கல்லில் தலை அடிபட்டது."

மனைவி மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சப் பேச்சை விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். காதெல்லாம் சுட்டது. அவருடைய பிறந்தநாளைக் கெடுத்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு அவர் கதவைத் தட்டுவது?

எல்லோரும் காப்பிக்கு எழுந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்," என்றார். "கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் போருக்கு அவன் கிடைக்கவில்லை. எங்களிடம் வந்துவிட்டான். ஸ்ட்ராபெரி வேண்டும் என்று கேட்டவள் நான்."

என் வீட்டுச் சுவரிலும் ஒரு புகைப்படம் உண்டு, என் அண்ணனுடையது. அதைப் பார்க்கும் நோர்வேக்காரர்கள் "போரிலா?" என்று மெல்லக் கேட்பார்கள். நான் ஆமென்று தலையை ஆட்டிவிடுவேன். தமிழர்கள் கேட்கவே மாட்டார்கள், தாங்களே முடிவு கட்டிவிடுவார்கள். நானும் ஒருநாளும் திருத்தியதில்லை.

அன்று அவரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் இந்தியத் தொலைக்காட்சி தெரிய வேண்டுமென்றால் கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம், அண்ணன் கூரையில் நின்றார். நான் உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன்.

"இப்ப தெரியுதோடா?" என்று மேலிருந்து கேட்டார்.

"இல்லை, இன்னும் கொஞ்சம் திருப்பண்ணை," என்று கத்தியவன் நான். அவர் திருப்பினார், ஈர ஓட்டில் கால் சறுக்கி முற்றத்தில் விழுந்தார்.

நான் கத்திய அந்த வார்த்தையை மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்த அம்மா கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டி என் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்:

"திரையில் படம் வந்ததா?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

"வந்தது," என்றேன். "நல்ல தெளிவாக வந்தது."

சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இருவருமாக அந்தத் துண்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.