கனகம் போட்டிக்கு அனுப்பிய படம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது சசி போன் செய்தான். எங்கள் டெப்போவில் என்னோடு பஸ் ஓட்டியவன், மலையாளி.

"அண்ணா, நம்ம கனகம் போயிட்டாங்க. விடியக்காலைல, ஆஸ்பத்திரில." பிறகு, "புதன்கிழமை டெப்போவுல இரங்கல் கூட்டம். படிக்கறதுக்கு நீங்கதான் எழுதணும், கேட்டோ. அவங்களோட ரொம்ப நாள் ஓடினது நீங்கதானே" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன். காய் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனகம் பொன்முடி மலையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தற்காலிகக் கண்டக்டராக வந்தபோது முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே என்னோடு பொன்முடி வண்டி. நான் கோபக்காரன், அது டெப்போ முழுக்கத் தெரியும். வண்டி நிற்கும் முன்பே இறங்கப் போன ஒருவரைப் பிடித்துக் கத்தினேன். கனகம் என் சீட்டருகே வந்து, "அண்ணே, நீங்க ரோட்டப் பாருங்க. ஆளுங்களத் திட்டுறது என் டியூட்டி" என்றார். வண்டியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

டிக்கெட் பைக்குள் கண்ணாடி கீறிய ஒரு போன் வைத்திருப்பார். ஓய்வு கிடைத்தால் அதில் படம் எடுப்பார். நகரத்து மன்றம் ஒன்று வருஷாவருஷம் சாலையும் பயணமும் என்ற தலைப்பில் ஒரு புகைப்படப் போட்டி நடத்தும். தேர்வான படங்களைப் பெரிதாக்கி மண்டபச் சுவரில் மாட்டுவார்கள். கனகம் இரண்டு முறை அனுப்பி ஒன்றும் நடக்கவில்லை. "ரோட்டப் படம் எடுக்கச் சொன்னா எல்லாரும் பனிமூட்டத்த எடுத்து அனுப்புறாங்கண்ணே. ரோட்டுல போற மனுசனக் காணோம்" என்று என்னிடம் சண்டை பிடிப்பார், நான்தான் நடுவர் என்பதுபோல. மூன்றாம் முறை எப்படியும் ஒரு படம் சுவரில் ஏறியாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். படம் அனுப்பக் கடைசி நாளன்றுதான் அந்த விபத்து நடந்தது.

மலையேறும் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வண்டி வந்து நாம் பின்னால் எடுக்க நேர்ந்தால், கண்டக்டர் இறங்கிப் பின்மூலையில் நிற்பார். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் எது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், டிரைவர் அந்தக் கையை நம்பித்தான் வண்டி எடுப்பார்.

அன்று நல்ல மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில் தேயிலை லாரி இறங்கி வந்தது. நாங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். வண்டி நிறைய ஆள். கனகம் இறங்கும் முன் என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஓரம் இளகிக் கெடக்கு. ஆளுங்கள எறக்கிட்டு எடுப்போம்."

"இந்த மழைல எல்லாரையும் எறக்கி ஏத்தி எப்பப் போய்ச் சேர்றது? நீ போய்ப் பின்னால நில்லு" என்றேன். அந்த வளைவில் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் பின்னால் எடுக்க வேண்டும் என்பது விதி. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு தட்டு விழுந்தது. எடுத்தேன். ஒரு தட்டு விழ வேண்டிய நேரம் வந்தது, போனது. பின்னால் யாரோ அலறினார்கள். பிரேக்கில் ஏறி நின்றேன். இடது பின்பக்கத்து இரட்டைச் சக்கரத்தில் ஒன்று மண்ணில், ஒன்று காற்றில். ஒவ்வொருவராக முன்கதவு வழியே இறக்கினோம். கடைசி ஆள் இறங்கும்வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. யாருக்கும் அடிபடவில்லை, அது எங்கள் புண்ணியம்.

விசாரணை வந்தது. எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. கனகத்தின் பெயர் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் வந்திருந்தது. இரண்டு பேரில் ஒருவர் தலை உருளும் என்று டெப்போவில் எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் விசாரணையில் கனகம், "மழைச் சத்தம் சாரே. தட்டினேனா இல்லையான்னு ஓர்மையில்ல" என்று ஞாபகமே இல்லாததுபோலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் முகத்தில் விழிக்கவில்லை. வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

இதற்கிடையில் போட்டிக்காரர்கள் கனகத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படம் தேர்வாகிவிட்டது, சுவரில் வைக்கப்போகிறோம் என்று. அந்த மழையில் வண்டி பின்னால் வந்தபோது, பின்மூலையில் நின்று அவர் எடுத்த படம் அது. அன்று மாலையே அனுப்பியிருக்கிறார். அந்த நடுக்கத்தில் எப்படி அனுப்பினார் என்று நான் கேட்டதேயில்லை. வேண்டாம் என்று அதைத் திரும்ப வாங்கியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் இரண்டாம் விசாரணையில் அந்தப் போனை அதிகாரியின் மேசைமேல் வைத்தார். அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண். அப்போது தட்டியிருந்தால் வண்டி நின்றிருக்கும்.

"தட்ட வேண்டிய கையில போன் இருந்துச்சு சாரே. டிரைவர் மேல தப்பில்ல."

அதிகாரி மலையாளத்தில் இன்னொரு கேள்வி கேட்டார். ஆட்களை இறக்கும்படி டிரைவரிடம் சொன்னீர்களா? சொன்னேன் என்று ஒரு வார்த்தை வந்தால் என் கதை முடிந்தது. கனகம் என் பக்கம் திரும்பவேயில்லை.

"இல்ல சாரே. எனக்குத் தோணல."

நான் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. "பாக்க வாங்கண்ணே" என்று கூப்பிட்டார். டியூட்டி இருக்கிறது என்றேன். அன்று எனக்கு லீவு. பிறகு அவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்தக் கடை. நாலு வருஷம் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன்.

அடக்கத்துக்குப் பொன்முடி போனேன். லயத்து வீட்டுச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. விசாரணையில் நான் எட்ட நின்று சக்கரத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். முழுப் படத்தையும் அன்றுதான் பார்த்தேன். பின்கண்ணாடி நிறைய முகங்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. கூடையை நெஞ்சோடு பிடித்த ஒரு கிழவர். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்த ஒரு தாய். எல்லாரும் கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இறக்கிவிடாதவர்கள்.

கனகத்தின் கணவர் தங்கராசு பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கு ஆளுங்கள எறக்கச் சொன்னாங்க தங்கராசு. நான்தான் கேக்கல" என்றேன்.

"தெரியும்ணே. அன்னிக்கே வந்து சொன்னா. ஆபீசுல ஏன் சொல்லலன்னு நான் சண்ட போட்டேன். 'அண்ணனே ஒருநா சொல்லுவாரு பாரு'ன்னா. ரெண்டு வருசம் சொல்லிட்டே இருந்தா." தங்கராசு படத்தின் சட்டத்தைத் துண்டால் துடைத்தார். "அப்புறம் சொல்றத விட்டுட்டா."

இதைக் கூட்டத்தில் அப்படியே படிப்பேன். அதிகாரிகளும் இருப்பார்கள். என் பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும்.

கனகம், நீங்கள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. உங்கள் காதில் விழும்படி ஒரு முறை சொல்லியிருக்கலாம், இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தீர்கள். போய் வாருங்கள்.