வளையத்தின் கீழே ஒரு மேடு

பெரியப்பா எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். அருப்புக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருந்தவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சுருட்டிய டேப்பு இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் காலை அளப்பார். வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்தால், கடைக்காரர் சொன்ன நீளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதில் யாரையும் உட்கார விடுவார். அப்படிப்பட்டவர், திருச்சுழி ரோட்டில் இருந்த எங்கள் ஊருக்கு ஒரு பேஸ்கட்பால் கம்பம் நட்டுத் தருகிறேன் என்று கிளம்பினால், அது எத்தனை அடி உயரத்தில் இருக்கும் என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

அந்த யோசனை அவருக்கு வரக் காரணம் சித்தி. அந்த வருஷம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி காலேஜில் பேஸ்கட்பால் ஆடி வாங்கிய கோப்பைகளைச் சீர்ப் பாத்திரங்களோடு கொண்டுவந்திருந்தாள். குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே அவை நின்றதைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். பெரியப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படி ஒரு மருமகள் வந்திருக்கிற ஊரில் ஒரு கம்பம்கூட இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று, வீட்டை ஒட்டிக் கிடந்த எங்கள் காலி மனையில் முள்ளை வெட்டச் சொன்னார். கம்பமும் பலகையும் வளையமும் அவர் கடை வாசலிலேயே வெல்டிங் ஆகி வண்டியில் வந்து இறங்கின. ஏணியில் ஏறி அவரே டேப்பைப் பிடித்தார். தரையிலிருந்து வளையம் வரை பத்தடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, கற்றுக்கொடுப்பது சித்தி என்று ஏற்பாடு.

நாங்கள் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் கலந்த கூட்டம். பையன்கள் வறண்ட கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள் என்பதால் மனை எங்களுடையது ஆனது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. பந்தை மார்போடு அணைத்துத் தூக்குவதற்கே மூச்சு வாங்கியது. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவே கொண்டுபோய், மாட்டின் மேல் வாளித் தண்ணீரை வீசுவது போல் மேலே வீசுவோம். அது வளையத்துக்குப் பாதித் தூரம் போய், அங்கேயே மனம் மாறி, வீசியவள் மூக்கின் மேலேயே வந்து விழும். கூட்டத்தில் குள்ளம் நான். என் பந்து மற்றவர்களுடைய பந்து போன உயரத்துக்குக்கூடப் போகவில்லை. கண்மாயிலிருந்து திரும்பும் பையன்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஏலே, ஒதுங்கி நில்லுங்கலே. வானத்துல ஓட்டை விழுகப் போகுது" என்பான் ஒருவன். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அழுகையாக வரும். ஒரே ஒரு தடவை பந்து அந்த வளையத்துக்குள் விழுந்துவிட்டால் போதும், அப்புறம் சாமியிடம் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று இருந்தேன்.

சித்தி சில நாள் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா ஊருக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, குழம்பை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"மாமா, பிள்ளைகளுக்கு அம்புட்டு ஒசரம் எட்டலை. எட்டு வயசு, ஒம்பது வயசுப் பிள்ளைகளுக்கு எட்டடியிலதான் வைப்பாக. வளர வளர ஏத்தணும். பதினொண்ணு, பன்னெண்டு வயசுக்கு மேலதான் பத்தடி. ரிங்கை மட்டும் கொஞ்சம் எறக்கி வச்சா..."

பெரியப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "எறக்குறதா? எட்டு எம்.எம். கம்பி கேட்டு வந்தவனுக்கு ஆறு எம்.எம்.மைக் குடுத்து அனுப்புற வழக்கம் நம்ம கடையில கெடையாதும்மா. ஒலகம் பூராம் பத்தடின்னா நம்ம ஊர்லயும் பத்தடிதான். நம்ம பிள்ளைக என்ன கொறச்சலா? ரிங்குல யாரும் கை வைக்கப்படாது."

அதோடு விட்டிருக்கலாம். கடையில் கம்பி அடுக்க இடம் போதவில்லை என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அப்போது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. "பொங்கலுக்குள்ள ஒரு பிள்ளையாச்சும் பந்தை உள்ள போடட்டும். இல்லைன்னா அந்த மனையில கொட்டகை போட்டுக் கம்பியை அடுக்கிர வேண்டியதுதான்" என்றார். சித்தி குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள். மோர் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

பெரியப்பா அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிய மறுநாள், சித்தப்பாவின் டிராக்டர் செஞ்சரள் மண்ணோடு மனைக்குள் வந்தது. கம்பத்தின் அடியை விட்டுவிட்டு, வளையத்துக்கு நேர் கீழே தொடங்கி, கல்யாண மேடை அளவுக்கு மண் கொட்டச் சொன்னாள் சித்தி. ஒரு லோடு, இன்னொரு லோடு என்று வந்துகொண்டே இருந்தது. சித்தப்பாவுக்கு அண்ணன் என்றால் பயம். ஒவ்வொரு லோடுக்கும் ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"அண்ணன் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"ரிங்கைத் தொடக் கூடாதுன்னுதான மாமா சொன்னாக. மண்ணைத் தொடக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் சித்தி.

தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டை போட்டு இடித்தார்கள். நாங்களும் மேலே ஏறிக் குதித்தோம். எங்களுக்கு அது இன்னொரு விளையாட்டு. இரண்டடி உயர மேடு, நாலு பக்கமும் சரிவு. அதன் மேல் நின்று அண்ணாந்து பார்த்தபோது வளையம் நேற்றுவரை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் முதல் முறையாக அதன் விளிம்பில் வெல்டிங் வடு தெரிந்தது. வலையின் முடிச்சுகள் தெரிந்தன.

சித்தி பந்தை முழங்காலுக்கு நடுவே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நெற்றிக்கு மேல் ஒரு கை தாங்க, மறு கை துணைக்கு இருக்க, மணிக்கட்டை மடக்கி விட வேண்டும். பந்து இல்லாமல் காற்றில் செய்து காட்டினாள். அவள் செய்யும்போது ஒன்றுமே இல்லாத காரியம் போல் இருந்தது. மார்கழிக் குளிரில் விரல் மரத்துப்போக நாங்கள் அதையே செய்தோம். ஒரு காலையில் நான் விட்ட பந்து விளிம்பில் பட்டு, அங்கேயே சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. வலை ஒரு உதறு உதறியது. நான் கத்தவில்லை. கத்தினால் அது வெளியே வந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் அந்த மேட்டிலிருந்து இறங்கித் தெருக்கோடி வரை ஓடினேன். அவ்வளவு சந்தோஷம் உடம்பில் கொள்ளவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா மனைக்குள் வந்தார். வளையத்தையே அண்ணாந்து பார்த்தபடி நேராகக் கம்பத்தடிக்குப் போய் டேப்பை நீட்டி, சித்தப்பாவை ஏணியில் ஏற்றி அளந்தார். பத்தடி. திருப்தியாகத் தலையாட்டியவர், திரும்பியபோதுதான் மேட்டைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"மழைத்தண்ணி நிக்குது மாமா. பிள்ளைக வழுக்கி விழுகுதுக. அதான் மேடாக்குனோம்" என்றாள் சித்தி, கண் சிமிட்டாமல்.

எங்கள் ஊரில் மழைத்தண்ணீர் நிற்கிறதாம். கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் ஊர் அது. அந்த வருஷம் ஐப்பசியில் பெய்ததை உள்ளங்கையில் ஏந்திக் குடித்திருக்கலாம். சித்தப்பா ஏணியிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டார். பெரியப்பா மேட்டைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், பிறகு வெள்ளை வெளேரென்று கிடந்த வானத்தை வெகுநேரம் பார்த்தார். கையிலிருந்த டேப்பை மேட்டின் மேல் வைக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

"ஆமா, பெஞ்சா நிக்கும்" என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

பொங்கலன்று ஊரே வேலியைச் சுற்றி நின்றது. பையன்களும் இருந்தார்கள். குள்ளமான என்னைத்தான் சித்தி முதலில் ஏற்றிவிட்டாள். என் பந்து உள்ளே விழுந்தது. எனக்குப் பின்னால் வந்தவளுடையதும் விழுந்தது. பெரியப்பா கரும்பை ஊன்றிக்கொண்டு நின்றார். கொட்டகைப் பேச்சை மட்டும் அவர் முழுதாக விடவில்லை. "டவுனுப் பிள்ளைகளோட ஆடி ஜெயிக்கட்டும், அப்பச் சொல்றேன் இந்த எடம் யாருக்குன்னு. தோத்தா கொட்டகைதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. முழுப் பரீட்சை லீவு வந்ததும் சித்தி எங்கள் மேட்டை வெட்டத் தொடங்கினாள். பக்கத்து வீட்டில் தரை நிரப்ப மண் கேட்கிறார்கள் என்றாள். அடுத்த வருஷம் எங்கள் தொழுவம் பள்ளமாக இருக்கிறது என்றாள். அதற்கடுத்த முறை கோயிலுக்குப் போகும் பாதை. ஊரில் எந்தப் பள்ளத்துக்கும் எங்கள் மேட்டு மண்தான் கண்ணில் படுமா என்று எங்களுக்கு ஆத்திரம். ஒவ்வொரு தடவை வெட்டிய பிறகும் சில வாரத்துக்குப் பந்து வளையத்துக்குக் கீழேயே விழும். நாங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவோம், தொழுவத்து மாடுகளைத் திட்டுவோம். பிறகு எப்படியோ பந்து மறுபடி எட்டிவிடும். பாவாடையின் மடிப்பை அம்மா பிரித்துவிட்டுக்கொண்டே இருந்ததற்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நான் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது மேடு போன இடம் தெரியவில்லை. கம்பத்தடியும் நாங்கள் நின்ற தரையும் ஒரே மட்டமாக இருந்தன.

அந்த வருஷம் அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்கு நடுவே போட்டி வைத்தார்கள். சிமெண்டுத் தரை, வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் வளையம். எதிரில் நின்ற டவுனுப் பெண்கள் எங்களைவிடக் கை கால் நீளம், எல்லார் காலிலும் ஷூ. எங்களில் பாதிப் பேருக்கு அது கிடையாது. தோற்றால் மனையில் கம்பிதான் என்பது நினைவுக்கு வந்தது. சித்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் எப்போதும் இருக்கும் குறும்பு அன்றைக்கு இல்லை. பந்துப் பையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒன்று புரிந்தது. அந்தப் பெண்கள் பந்தை விடும்போது இடுப்பை வளைத்து, தோளைத் திருப்பி, பக்கவாட்டில் வாரி வீசினார்கள். சின்ன வயதிலிருந்தே பத்தடியோடு மல்லுக்கட்டிப் பழகிய கைகள் அவை. பலம் நிறைய இருந்தது. பந்துதான் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. எங்கள் கைகளுக்கு வேறு வழி தெரியாது. நெற்றிக்கு மேல் தூக்கினோம், மணிக்கட்டை மடக்கினோம். வலை உதறிக்கொண்டே இருந்தது. முதலில் கைதட்டாத கூட்டம் பிறகு தட்டியது, அதற்குப் பிறகு எழுந்து நின்று தட்டியது. நான் போட்ட ஒரு பந்து விளிம்பைத் தொடாமலே உள்ளே போனது. அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும். கடைசி விசில் ஊதியபோது புள்ளிக் கணக்கில் அவர்கள் எங்கள் பக்கத்தில்கூட இல்லை.

கூட்டத்தில் பெரியப்பாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மொத நாளிலருந்து பத்தடிங்க. நானே டேப்பு வச்சு அளந்தேன். நம்ம பிள்ளைகளுக்குக் கொறஞ்ச ஒசரம்னா என்னன்னே தெரியாது." சொல்லிவிட்டுச் சித்தி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கடைவீதியில் வண்டியை நிறுத்தி, காரச்சேவும் சீனிமிட்டாயும் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, மனை இனிப் பிள்ளைகளுக்குத்தான் என்று கடைக்காரரிடமும் சொன்னார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீடு முழுக்க ஆட்கள். சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஜெயித்த கதையை நான் நடித்துக் காட்ட வேண்டும், அதைச் சித்தி பார்க்க வேண்டும். அவளைக் காணோம் என்று தேடிக்கொண்டு மனைக்குப் போனேன்.

சித்தி வளையத்துக்கு எதிரே தனியாக நின்றிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். கையில் பந்து. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இத்தனை வருஷத்தில் அவள் அந்த வளையத்துக்குள் ஒரு பந்துகூடப் போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு முறை தரையில் தட்டினாள், ஒரு எம்பு எம்பினாள். பந்து உள்ளே விழுந்தது. ஓடிப்போய் எடுத்து, இன்னும் தள்ளி நின்று மறுபடி போட்டாள். அதுவும் விழுந்தது. மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், யாரும் பார்க்காதபோது சிறு பிள்ளைகள் சிரிப்பது போல.

"சித்தி, எல்லாரும் கூப்புடுறாக. சேவு தீந்துரும்."

"நீ போத்தா. நான் வாரேன்" என்றாள், வளையத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. ஜெயித்தது நாங்கள், காப்பாற்றியது எங்கள் மனையை, இந்த நேரத்தில் இவளுக்கு என்ன விளையாட்டு என்று நினைத்தேன். பெரியப்பா கம்பம் நட்ட அன்று அந்த ஊரில் பத்தடி சரியாக இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது. தன் தரையை எங்களுக்காக மூடி வைத்து, நாங்கள் வளர வளர அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்து, அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாகத் தனக்காக அதில் கால் வைத்தாள் என்பதும் தெரியாது. சேவு தீர்ந்துவிடுமே என்று நான் வீட்டைப் பார்க்க ஓடினேன்.